ஓரத்தில் இழுக்கும் லென்ஸ்

கொலுவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே என் கணவர் ஹாலை அளக்க ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, நான் அடுப்பிலிருந்து இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் டேப்பின் ஒரு முனையை டிவி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, இன்னொரு முனையோடு பின்பக்கமாகவே நடந்து போய், பால்கனிக் கம்பியில் முதுகு இடிக்க நின்றார். தலைக்கு மேலே கொடியில் எங்கள் பிள்ளை வினய்யின் ஜீன்ஸ் சொட்டிக்கொண்டிருந்தது. "இங்கேர்ந்து எடுத்தாக்கூட ரெண்டு பக்கமும் கதவு நிலை மறைக்கறது" என்று யாருக்கென்று இல்லாமல் சொன்னார். பிறகு தீர்ப்பு மாதிரி, "இடம் பத்தாது" என்றார்.

இந்த 'இடம் பத்தாது' எங்கள் வீட்டில் ரொம்பப் பழசு. செகந்திராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த வருஷத்திலிருந்து கேட்கிறேன். இவரிடம் இருப்பது பெண் தாரிணி பிறந்தபோது வாங்கிய ஃபிலிம் கேமரா, அதோடு கூட வந்த ஒரே ஒரு லென்ஸ். அதில் முகம் கண்ணால் பார்க்கிற மாதிரியே விழும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அரை டஜன் பேரை நிறுத்த வேண்டுமென்றால் எடுக்கிறவர் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஹாலில் அவ்வளவு பின்னால் போனால் பால்கனி வந்துவிடும். அதனால் ஒவ்வொரு நவராத்திரியிலும் கொலுப்படி, பக்கத்தில் தரையில் ஜோடிக்கிற பார்க், அதற்கு முன்னால் நாங்கள், மாடி வீட்டுக்காரர்கள் எல்லாரும் உள்ளே நிற்க, இவர் ஈரத் துணிகளுக்கு அடியில் நின்று பால்கனிக் கதவு வழியாக எடுப்பார். அந்தக் கதவில் ஒரு நீலத் திரை. காற்றில் அது பறந்து படத்துக்குள் வந்துவிடும் என்பதால் யாராவது ஒருவர் அதை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த யாராவது ஒருவர் எப்போதும் ராஜம் அக்காதான்.

ராஜம் அக்கா என் நாத்தனார், இவருக்கு மூத்தவள். கல்யாணம் ஆகவில்லை. இவர் வேலை பார்க்கிற அதே எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில்தான் அவளும் இருக்கிறாள், இவர் தரக் கட்டுப்பாட்டில், அவள் சர்க்யூட் போர்டு பிரிவில். இருவரும் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால் அவர்கள் பேசுகிற தமிழில் நடுவில் ஆமாம் என்பதற்கு ஒரு 'ஹவ்' வரும், வேண்டாம் என்பதற்கு ஒரு 'நக்கோ' வரும். மாயவரத்திலிருந்து வந்தவளான எனக்கு அது பழகவே சில வருஷம் ஆனது. ராஜம் அக்காவும் அப்படித்தான். குக்கர் வெயிட் எங்கே என்று கேட்டால்கூட எடுத்துத் தர மாட்டாள், எங்கே வைத்தாய் என்று என்னையே யோசிக்க வைப்பாள். ஒரே கூரையின் கீழ் கால் நூற்றாண்டு இருந்தாயிற்று. எத்தனையோ நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். ஆனால் எனக்கு டைஃபாய்டு வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது அவள்தான், அதை அவளும் சொல்லிக் காட்டியதில்லை.

கொலு முழுக்க அவள் கைவேலை. பொம்மை என் அம்மா வீட்டுச் சீர் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் வருகிறவர்கள் பார்ப்பதெல்லாம் பார்க்கைத்தான். ஒரு வருஷம் ஹுசைன் சாகர், நடுவில் சோப்பில் செதுக்கிய புத்தர். இன்னொரு வருஷம் பேகம்பேட் ஃப்ளைஓவர், மேலே ஓடுகிற கார்களுக்கு ஹெட்லைட் எரியும். இந்த வருஷம், அதாவது இரண்டாயிரத்து ஐந்தில், தெர்மகோலில் மாதாப்பூர் ஐ.டி. கட்டடம் சைபர் டவர்ஸ் கட்டுவதாகத் திட்டம். ஜன்னல் ஜன்னலாகக் குட்டி பல்புகளை அவளே உட்கார்ந்து சால்டர் பண்ணிக்கொண்டிருந்தாள்.

இத்தனையும் செய்தவள் ஒரு கொலு போட்டோவிலும் இல்லை. ஆல்பத்தைப் புரட்டினால் வலது ஓரத்தில் திரை கொஞ்சம் உப்பலாக இருக்கும், சிலதில் இரண்டு விரல் நுனி தெரியும். அவ்வளவுதான் ராஜம் அக்கா. சுவரில் ஒரு கொக்கி அடித்துத் திரையை அதில் கட்டிவிட்டால் தீர்ந்தது விஷயம். வீட்டில் டிரில்லிங் மெஷின் இருக்கிறது. அதை ஓட்டத் தெரிந்தவளும் அவள்தான். ஆனால் யாரும் அடிக்கவில்லை.

இந்த வருஷம் தாரிணி கறாராகச் சொல்லிவிட்டாள். அவளுக்குத் தையில் கல்யாணம், மாப்பிள்ளை டல்லாஸில். மாதாப்பூரில் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள், இனி எந்த நவராத்திரிக்கு வருவாளோ. சாப்பிடும்போது, "அப்பா, this time அத்தை போட்டோல இருக்கணும். இல்லேன்னா நானும் நிக்க மாட்டேன், சீரியஸா சொல்றேன்" என்றாள்.

"டிஜிட்டல் கேமரா வாங்கலாமே" என்று வினய் ஆரம்பித்தான். அவன் அப்பா அவனைப் பார்த்த பார்வையில் தயிர்சாதத்துக்குத் திரும்பிவிட்டான்.

"அப்போ வைட் ஆங்கிள் லென்ஸ் வேணும்" என்றார் இவர். "ஜூமா இருந்தா இந்த ஹாலுக்கும் ஆகும், கல்யாண மண்டபத்துக்கும் ஆகும். எல்லாரும் டிஜிட்டலுக்கு மாறிண்டிருக்கா, பழசு சல்லிசா கிடைக்கும்."

ராஜம் அக்கா ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: "லென்ஸ் வரட்டும். வந்தா நிக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பியைப் பற்றி அக்காவுக்குத் தெரியாதா? வேலையில் நாள் முழுக்க இது தேறாது, அது தேறாது என்று தள்ளித் தள்ளிப் பழகிய மனுஷர் அவர். மிக்ஸி வாங்க அவர் யோசித்து முடிப்பதற்குள் நான் அம்மியில் ஒரு மழைக்காலத்தை ஓட்டியிருக்கிறேன். அவர் லென்ஸ் வாங்குவதற்குள் தாரிணியின் குழந்தை ஸ்கூலுக்குப் போய்விடும். அந்தத் தைரியத்தில்தான் அக்கா வாக்குக் கொடுத்தாள்.

அவள் ஏன் போட்டோவில் நிற்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஒரு கொலுவின்போது சீரியல் விளக்கைச் சிக்கெடுத்துக்கொண்டே அவளாகத்தான் சொன்னாள். அவளுக்கு வரன் பார்த்த காலத்தில் செகந்திராபாத்தில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்து, ஜாதகத்தோடு ஊர் ஊராக அனுப்புவார்களாம். அது போவதும் திரும்பி வருவதுமாக இருந்திருக்கிறது. கடைசியாக ஒரு இடத்திலிருந்து படம் பிடித்துப்போய்ப் பெண் பார்க்கவே வந்துவிட்டார்கள். அக்கா காபித் தட்டோடு வந்து நின்றாள். பையனின் அம்மா மடியில் இந்த போட்டோ. "அந்த மாமி போட்டோவைப் பாத்தா. என்னைப் பாத்தா. மறுபடி போட்டோவைப் பாத்தா" என்றாள் ராஜம் அக்கா. "ஒண்ணும் சொல்லலை. காபி நன்னாருக்குன்னா." ஸ்டுடியோக்காரன் அவள் கன்னத்து அம்மைத் தழும்புகளைப் பூசி அழித்துப் படம் போட்டிருக்கிறான். அதற்குப் பிறகு ஃபேக்டரி அடையாள அட்டைக்குத் தவிர அவள் எந்தக் கேமரா முன்னாலும் நின்றதில்லை. இதைச் சொல்லிவிட்டு, "பிளையரை எடு" என்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு சரியாக இல்லை.

இவர் லென்ஸ் பார்க்க ஆரம்பித்தார். தாரிணி ஆபீஸிலிருந்து இன்டர்நெட்டில் வந்த கட்டுரைகளை பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்து தந்தாள். லென்ஸில் எண் குறையக் குறைய ஹால் பெரிதாகும் என்ற அளவில் எனக்கும் புரிந்தது. கேமரா கம்பெனியே போடுகிற ஜூம் ஒன்று இருக்கிறது. அதன் விலைக்கு ஃபிரிட்ஜே மாற்றிவிடலாம், அதனால் அது அன்றைக்கே கழிந்தது. வேறொரு கம்பெனியின் இருபத்தெட்டில் ஆரம்பிக்கிற ஜூம் மலிவு. மிச்சமிருந்தது ஆபிட்ஸ் கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் ஜாஃபர் பாயிடம் யாரோ விற்றுவிட்டுப் போயிருந்த பத்தொன்பது-முப்பத்தைந்து ஜூம். இவர் மூன்று தடவை போய் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

இருபத்தெட்டுக்கு முடிவு பண்ணிவிட்டேன் என்று அவர் சொன்ன அன்று, ராஜம் அக்கா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே கேட்டாள்: "அதுல பார்க் பூரா வந்துடுமாடா? எனக்கென்னமோ சைபர் டவர்ஸ் பாதி வெட்டுப்படும்னு தோண்றது." இவர் திரும்பவும் டேப்பை எடுத்தார். வெட்டுப்படத்தான் செய்தது.

சரி, பத்தொன்பதே வாங்கிவிடலாம் என்றார் அடுத்த வாரம். அக்கா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இவர் பர்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம் சொன்னாள்: "அவ்வளவு அகலம்னா ஓரத்துல இழுக்குமேடா. நான் நாள் பூரா பூதக்கண்ணாடில போர்டு பாக்கறேனே. நடுவுல வெச்சாத்தான் உள்ளபடி தெரியும், ஓரத்துக்குப் போனா எல்லாம் சப்பையா இழுத்துக்கும். உனக்குத் தெரியாததா?"

உனக்குத் தெரியாததா என்று ஒரு தரக் கட்டுப்பாட்டு மனுஷரிடம் கேட்டால் அவர் வேறு என்ன செய்வார். செருப்பைக் கழற்றிவிட்டு பிரின்ட் எடுத்த காகிதங்களோடு உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒரு தப்பும் சொல்லவில்லை, சொன்னதெல்லாம் நிஜம். ஆனால் அவர் முடிவுக்கு வரும் நேரம் பார்த்துத்தான் அவளுக்குச் சந்தேகம் வருகிறது என்பதை நான் கவனித்துவிட்டேன். அவள் கண்ணைப் பார்த்தேன். அவள் அவர் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்தாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. தாரிணிக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எல்லாம் அவளுக்காக இல்லை. இந்த வீட்டில் நான்தான் ஆல்பத்தை விரித்து வருகிறவர்களுக்கு ஒவ்வொருவராகக் காட்டுகிறேன், இது என் தம்பி, இது மாடி வீட்டு மாமி என்று. பார்க்கைக் காட்டி, யார் பண்ணினது என்று அவர்கள் கேட்டால், திரை ஓரத்து விரலைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. அவமானமாக இருக்கிறது.

கொலுவுக்கு நான்கு நாள் இருந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கேமராவைத் துண்டில் சுற்றிக் காய்கறிப் பையில் வைத்து, மேலே இரண்டு கட்டுக் கறிவேப்பிலையைப் பரப்பிக்கொண்டு ஆபிட்ஸ் பஸ் ஏறினேன். தார்னாகா தாண்டுகிற வரைக்கும் திருடிக்கொண்டு போகிற மாதிரி பையை மடியிலேயே இறுக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜாஃபர் பாய்க்குக் கேமராவைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. "ஸாப் கைக்கு நை ஆயே?" என்றார். ஸாப் ஏன் வரவில்லை என்று கேட்கிறார். ஸாப் வந்தால் வாங்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு பழைய லென்ஸைத் திருகிக் கழற்றி, பத்தொன்பதைப் பொருத்தி என் கையில் கொடுத்தார்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். கடை முழுக்க உள்ளே வந்துவிட்டது. இரண்டு பக்கத்து அலமாரி, மேலே மின்விசிறி, கீழே என் செருப்பு நுனிகூட. ஜாஃபர் பாய் தள்ளி எங்கேயோ நிற்கிற மாதிரி இருந்தார். கேமராவை மெதுவாகத் திருப்பினேன். அவர் ஓரத்துக்குப் போகப் போக முகம் அகலமாகிக்கொண்டே வந்து, கடைசியில் குழிக்கரண்டியில் முகம் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தேன். பழையபடி ஜாஃபர் பாய் ஆகிவிட்டார். அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் இவர் லென்ஸைக் கையில் வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார், ஊதினார், வளையத்தைத் திருகினார். "உள்ளே லேசா தூசி இருக்கு" என்றார். அதற்குமேல் அவராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ராஜம் அக்கா சால்டரிங் அயனைக் கீழே வைக்காமலேயே என்னைப் பார்த்தாள். "நீயாடி போனே, பாமா?" என்றாள். நான் "ம்" என்றேன்.

சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் படம் எடுப்பதாக ஏற்பாடு. பால்கனிக்கே போகவில்லை. கேமரா ஸ்டாண்டை ஹாலுக்குள்ளேயே, பால்கனிக் கதவுக்கு ஓரடி முன்னால் நிறுத்திவிட்டார். ஃபிளாஷ் போட்டால் ஓரம் வரைக்கும் வெளிச்சம் எட்டாது, டியூப்லைட்டிலேயே மெதுவாக எடுக்கப் போகிறேன், யாரும் அசையக் கூடாது என்று எச்சரிக்கை. படி மொத்தமும் தெரிகிறது, பார்க் தெரிகிறது, சைபர் டவர்ஸில் ஒரு ஜன்னல் விடாமல் எரிகிறது. மாடி வீட்டு மாமா, மாமி, வினய், தாரிணி, நான் எல்லாரும் நின்றாயிற்று. ராஜம் அக்கா எங்கே என்று பார்த்தால், கேமராவுக்குப் பின்னால் போய்த் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அத்தை" என்றாள் தாரிணி.

"திரை பறக்கும்டி" என்றாள் அக்கா. "சீரியல் லைட்டு வேற ஆட்டம் காட்டறது. யாராவது பாத்துக்கணும். எனக்கு நக்கோ, நீங்க எடுத்துக்கோங்கோ."

இவர் கேமராவில் வைத்திருந்த கண்ணை எடுக்காமலேயே சொன்னார்: "இடம் இருக்கு, அக்கா."

எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் இடம் பத்தாது என்று கேட்டுப் பழகிய எங்கள் யாருக்கும் அது உடனே காதில் ஏறவில்லை. அக்கா திரையைப் பிடித்தபடியே நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. லென்ஸைத் துடைக்கிற துணியை மடித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவள் திரையை விட்டுவிட்டு வந்தாள். வந்து, வரிசையின் கடைசியில், ஸ்விட்ச் போர்டு பக்கம் ஒண்டி நின்றுகொண்டாள். நான் என் இடத்திலிருந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாங்கள் இருவரும் அப்படியெல்லாம் தொட்டுக்கொள்கிற வழக்கம் இல்லை.

"நீங்கோ நடுவுல போங்கோ. ஓரம் எனக்கு" என்றேன்.

"ஓரத்துல இழுக்கும்டி" என்றாள் தாழ்ந்த குரலில்.

"இழுக்கட்டும். ஏற்கெனவே அகலமா இருக்கறவதானே, இன்னும் கொஞ்சம்."

மாடி வீட்டு மாமி சிரித்துவிட்டாள். தாரிணி அத்தையை இழுத்துத் தனக்கும் வினய்க்கும் நடுவில், முதல் படிக்கு நேர் எதிரே நிறுத்திக்கொண்டாள். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். ஃபேக்டரியில் சூப்பர்வைசரையே அதட்டுகிறவள், அங்கே நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டாள்: "எங்கே பாக்கணும்?"

"லென்ஸை, அத்தை. Just look there."

இவர் டைமரின் சின்னக் கம்பியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து மாமாவுக்குப் பக்கத்தில் நின்றார். கேமரா கிர்ரென்று ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் ஓரத்திலிருந்து லென்ஸைப் பார்க்காமல் அவளைத்தான் பார்த்தேன். பிறகுதான் அசையக் கூடாது என்பது ஞாபகம் வந்து முன்னால் திரும்பினேன்.

எடுத்தால் உடனே பார்க்க ஃபிலிமில் வழி ஏது. ரோலில் மிச்சமிருப்பதை வீணாக்க மாட்டேன் என்று இவர் தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி, எதிர் ஃபிளாட்டுக்காரரின் ஸ்கூட்டர் எல்லாவற்றையும் எடுத்துத் தீர்த்துவிட்டுத்தான் கழுவக் கொடுத்தார். பிரின்ட் வருவதற்குள் பொம்மைகள் பெட்டிக்குள் போய்விட்டன, சைபர் டவர்ஸ் பரணில் ஏறிவிட்டது. அந்த நாட்களில் ராஜம் அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் இவர் வேலையிலிருந்து வந்ததும் பையைக் கீழே வைக்கிறபோதெல்லாம் அவள் ஒருதரம் அந்தப் பையைப் பார்ப்பாள். அவளை நடுவுக்கு அனுப்பியது நான்தான். படத்தைப் பார்த்து அவள் வருத்தப்பட்டால் அந்தப் பாவம் என் தலையில்தான்.

வந்த அன்று இவர் முதலில் அவளிடம்தான் கொடுத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய் நின்று வாங்கினாள். டியூப்லைட்டில் எடுத்ததால் படமே கொஞ்சம் பச்சையடித்திருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். நடுவில் ராஜம் அக்கா, நிஜத்தில் எப்படியோ அப்படியே, கன்னத்துத் தழும்புகள் உள்பட. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, ஆனால் முகத்தில் கடுகடுப்பும் இல்லை. வலது ஓரத்தில், பீரோவுக்குப் பட்டுப் புடவை சுற்றின மாதிரி நான்.

அவள் போட்டோவைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி போட்டோவைப் பார்த்தாள்.

எனக்கு அந்தக் காபித் தட்டு ஞாபகம் வந்தது.

"போட்டோல இருக்கறவ வேற யாரோ மாதிரி இருக்காளேடி, பாமா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. தன்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. படத்தைக் கவரில் போட்டுத் தாரிணியிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இவர் மட்டும் இன்னும் திருப்தியாகாமல் பிரின்ட்டுகளை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார். "ஓரம் இவ்வளவு இழுக்கும்னு நினைக்கலை. தாரிணி கிளம்பறதுக்குள்ள பழைய லென்ஸ்ல ஒண்ணு எடுக்கணும், பால்கனிலேர்ந்து. ரெண்டையும் வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். அடுத்த வருஷம் வரைக்கும் வைத்துப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் குளித்துவிட்டு வரும்போது ஹாலில் டிரில்லிங் மெஷின் சத்தம். பால்கனிக் கதவுப் பக்கம் ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டிருந்தாள் ராஜம் அக்கா. தரையில் வெள்ளையாகச் சுவர்ப்பொடி கொட்டியிருந்தது. துளையில் ஒரு கொக்கியைத் திருகி, பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு இறங்கி, திரையை மொத்தமாகச் சேர்த்துச் சீரியல் விளக்கில் மிஞ்சிய பச்சை ஒயரால் ஒரு கட்டுக் கட்டி, அதில் மாட்டினாள். காற்று வந்தது. கொடியில் துணியெல்லாம் ஆடியது, திரை ஆடவில்லை. அவள் கையை விலக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் வந்து, ஹாலுக்குள் நின்று பார்த்தாள்.